தாடையில் திருகு வைக்கும் முன்: ஒரு வரலாற்றுப் பாடம்



இந்த வாரம் பாளையக்காரர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. காரணம், நான்கு நாள் இடைவெளியில் இரண்டு பேர் போன் போட்டு ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்.

ஒருவன் வெள்ளகவிக்காரன். ஐந்தாம் வகுப்பு வரை ஊரில் படித்துவிட்டு, விடுதியில் தங்கி என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அவன் அப்பாவுக்குக் கீழ்வரிசையில் மூன்று கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. சர்க்கரையும் இருக்கிறது. "டீச்சர், இம்ப்ளான்ட் வச்சா சொந்தப் பல்லு மாதிரியே இருக்குமாம். காப்பி வித்த காசு கையில இருக்கு. வைக்கலாமா?" என்றான்.

இன்னொருத்தி என் தம்பி மகள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் யாரோ போட்டோவைப் பார்த்து, "சிரிச்சா ஈறு கறுப்பாத் தெரியுதே" என்று சொல்லிவிட்டார்களாம். "அத்தை, ஒரே நாள்ல ஈறை ரோஸ் கலராக்கி, கொஞ்சம் வெட்டி ஏத்தி விடுறாங்களாம். பண்ணிக்கட்டுமா?" என்று கேட்கிறாள்.

நான் பல் டாக்டர் இல்லை. 34 வருடம் வரலாறு நடத்தியவள். செய்யலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை இங்கேயும் சொல்லலாம். ஒரு பொருள் எப்படி வந்தது என்று தெரிந்தால், அதை வாங்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பல் இம்ப்ளான்ட் விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை. இன்று நோயாளி கேட்க வேண்டிய ஒவ்வொரு கேள்விக்கும், முன்னால் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

கொஞ்சம் நீளமான பதிவு. சனிக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வெள்ளகவி

வெளியூர், வெளிநாட்டு உறவுகளுக்காக ஒரு வார்த்தை. கொடைக்கானல் என்ற ஊர் உருவாகும் முன்பே இருந்த ஊர் வெள்ளகவி. 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேயர் பழனி மலையை அளக்க வந்தபோது, இந்த ஊரில் தங்கித்தான் மேலே ஏறினார். வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் வழியாக இறங்கினால் வெள்ளகவி. அங்கிருந்து இன்னும் இறங்கினால் கும்பக்கரை, பிறகு பெரியகுளம். ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். நான் அறிந்த காலமெல்லாம் அது நடந்து போகிற ஊர். மூட்டை குதிரையில் வரும். நடக்க முடியாத நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவார்கள்.

பல் வைத்தியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இம்ப்ளான்ட் ஒரு நாள் வேலை இல்லை. எத்தனை முறை மலை இறங்கி ஏற வேண்டும் என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பல்லுக்குப் பல் வைத்த கதை

விழுந்த பல்லின் குழியில் வேறு எதையாவது நட முடியுமா என்ற ஆசை மிகப் பழையது. 1931-இல் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு கீழ்த்தாடை எலும்பு கிடைத்தது. காலம் கி.பி. 600 வாக்கில், மாயா நாகரிகத்தைச் சேர்ந்தது. முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில், பல் வடிவில் செதுக்கிய மூன்று கிளிஞ்சல் துண்டுகள் இருந்தன. இறந்த பிறகு அலங்காரத்துக்காக வைத்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1970-இல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, கிளிஞ்சலைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. அப்படியென்றால் அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது 18-ஆம் நூற்றாண்டு லண்டன். ஜான் ஹன்டர் என்ற பெரிய அறுவை மருத்துவர், மனிதப் பல் ஒன்றைப் பிடுங்கிச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தார். அது ஒட்டிக்கொண்டது என்று நம்பினார். உடனே ஒரு வியாபாரம் கிளம்பியது. ஏழைப் பிள்ளைகளின் நல்ல பல்லைக் காசு கொடுத்துப் பிடுங்கி, அந்தச் சூட்டோடு பணக்காரர் வாயில் நடுவது! 1787-இல் தாமஸ் ரோலண்ட்சன் என்ற ஓவியர் இதைக் கிண்டல் செய்து ஒரு படம் வரைந்தார். புகைபோக்கி துடைக்கும் பையன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்; அவன் பல்லைப் பிடுங்குகிறார்கள்; பக்கத்தில் சீமாட்டி காத்திருக்கிறாள்.

நட்ட பற்கள் சில மாதத்தில், சில வருடத்தில் ஆடி விழுந்தன. நடுவதால் மேகநோய் தொற்றியதாகவும் டாக்டர்கள் எழுதினார்கள். அந்தப் பழக்கம் மெல்லச் செத்தது. அடுத்தவர் உடம்பிலிருந்து எதை எடுத்து வைத்தாலும் அது எங்கிருந்து வந்தது, சுத்தமானதா என்று கேட்க வேண்டும் என்ற பாடம் அங்கே ஆரம்பிக்கிறது.

இந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. தாடை எலும்பு தேய்ந்தவர்களுக்கு இம்ப்ளான்ட் வைக்கும் முன் "எலும்புத்தூள்" போடுவார்கள். அது மாட்டு எலும்பிலிருந்து வந்திருக்கலாம். பன்றியிலிருந்தோ, தானம் பெற்ற மனித எலும்பிலிருந்தோ வந்திருக்கலாம். செயற்கையாகச் செய்ததாகவும் இருக்கலாம். நம் வீடுகளில் சைவம் உண்டு, நோன்பு உண்டு. போட்ட பிறகு தெரிந்து மனம் வருந்துவதைவிட, போடும் முன் கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை.

உலோகம் தோற்ற 50 வருடம்

20-ஆம் நூற்றாண்டில் மனிதப் பல்லை விட்டு உலோகத்துக்கு வந்தார்கள். 1913-இல் அமெரிக்காவில் கிரீன்ஃபீல்டு என்பவர் பிளாட்டினம் கலந்த கம்பியில் சின்னக் கூடை மாதிரி செய்து தாடையில் பதித்தார். 1930-களின் கடைசியில் பாஸ்டனில் ஸ்ட்ராக் என்பவர் விட்டாலியம் என்ற கலப்பு உலோகத்தில் திருகு செய்து வைத்தார். 1960-களில் நியூயார்க்கில் லின்கோ என்பவர் தட்டையான பிளேடு வடிவத்தைக் கொண்டுவந்தார்.

சிலருக்குப் பல வருடம் நின்றது. பலருக்கு நிற்கவில்லை. உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சதை வளர்ந்தது. மண்ணில் சரியாகக் கெட்டிக்காத வேலிக்கல் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக ஆட ஆரம்பித்தது. ஆடினால் சீழ், சீழ் பிடித்தால் சுற்றியிருக்கும் எலும்பும் கரையும். எடுத்தபோது, வைக்கும் முன் இருந்ததைவிடக் குறைவான எலும்போடு நின்றார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? தோற்றுப்போன இம்ப்ளான்ட் உங்களைப் பழைய இடத்தில் கொண்டு வந்து விடாது. பழைய இடத்துக்கும் கீழே விட்டுவிடும். "வேண்டாம்னா எடுத்துடலாம்" என்று யாராவது லேசாகச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முயல் காலில் கிடைத்த விடை

1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற மருத்துவர் முயலின் கால் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எலும்புக்குள் டைட்டானியத்தால் ஆன சின்னக் குழாயை வைத்து, அதன் வழியாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். வேலை முடிந்து குழாயைத் திரும்ப எடுக்கப் போனால், வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகிவிட்டது.

அவர் பல் டாக்டர் இல்லை. ஆனாலும் இது எங்கே பயன்படும் என்று அவருக்குப் புரிந்தது. 13 வருடம் விலங்குகளில் சோதித்துவிட்டு, 1965-இல் யோஸ்டா லார்சன் என்ற மனிதருக்கு வைத்தார். பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறையும் உள்ளவர். கீழ்த்தாடையில் பல் இல்லை. அப்போது அவருக்கு வயது 34. நான்கு டைட்டானியம் திருகுகள். அவர் 2006-இல் இறந்தார். 40 வருடத்துக்கு மேல் அந்தத் திருகுகள் அவரைச் சாப்பிட வைத்தன.

சுவீடனின் பல் மருத்துவப் பேராசிரியர்கள் பலர் நம்பவில்லை. 1982-இல் கனடாவின் டொரான்டோவில் நடந்த மாநாட்டில் 15 வருடக் கணக்கைக் காட்டிய பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

பரீட்சைக்கு வரும் கேள்வி இதுதான்: முன்னால் 50 வருடம் மற்றவர்கள் தோற்ற இடத்தில் இவர் எப்படி ஜெயித்தார்? டைட்டானியம் என்று மட்டும் எழுதினால் பாதி மார்க்தான். மீதிப் பாதி அவர் வேலை செய்த முறை. மூன்று விஷயம்.

ஒன்று, பொறுமை. திருகை வைத்து ஈறை மூடித் தைத்துவிடுவார். கீழ்த்தாடைக்கு 3, 4 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் தொடவே மாட்டார். எலும்பு வந்து பிடித்த பிறகுதான் திறந்து, மேலே பல் கட்டுவார்.

இரண்டு, சூடு. எலும்பு உயிருள்ள பொருள். துளை போடும் கருவி சுழலும்போது எலும்பு சூடாகும். 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படுகிறது என்று அவருடைய குழுவினர் 1983-இல் முயலில் நிரூபித்தார்கள். அதனால் மெதுவாகத் துளைக்க வேண்டும். துளைக்கும்போது சுத்தமான சலைன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சலைனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்று, சுத்தம். பெரிய ஆபரேஷனுக்கு என்ன கிருமி நீக்கமோ அதே அளவு இதற்கும் செய்தார்.

அவசரம் வந்த கதை

பிறகு திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். எலும்பு சீக்கிரம் பிடித்தது. காத்திருக்கும் காலம் குறைந்தது. 1990-களின் கடைசியில் போர்ச்சுகலில் பாவ்லோ மாலோ என்பவர், ஒரு தாடை முழுவதற்கும் நான்கே திருகு வைத்து, அன்றைக்கே தற்காலிகப் பல்வரிசை கட்டும் முறையைப் பிரபலமாக்கினார். இன்று விளம்பரங்களில் வரும் "ஒரே நாளில் பல்" இங்கிருந்து வந்தது.

அது பொய் இல்லை. எலும்பு அடர்த்தியாக இருந்து, திருகு இறுக்கமாகப் பிடித்து, நோயாளிக்கு வேறு பிரச்சினை இல்லாவிட்டால் செய்யலாம். ஆனால் அன்றைக்குக் கட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல். எலும்பு பிடிக்க எடுத்துக்கொள்ளும் மாதங்கள் அப்படியேதான் இருக்கின்றன. அந்த மாதங்களில் கடினமானதைக் கடிக்கக் கூடாது. விளம்பரத்தில் முதல் நாள் இருக்கும். மற்ற நாட்கள் இருக்காது.

இம்ப்ளான்ட் வைத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பதும் பாதி உண்மைதான். 10 வருடம் கழித்தும் 100-க்கு 90-க்கு மேல் நிற்கின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நல்ல கணக்குதான். ஆனால் நிற்பது வேறு, நோயில்லாமல் நிற்பது வேறு. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெத்தை மாதிரித் தசைநார் உண்டு. ஈறின் நார்களும் பல்லின் வேரோடு பின்னியிருக்கும். திருகுக்கு அந்த மெத்தையும் கிடையாது, அந்தப் பின்னலும் கிடையாது. கிருமி உள்ளே போனால் தடுப்பு குறைவு. எலும்பு வேகமாகக் கரையும். பெரும்பாலும் வலிக்கவும் செய்யாது. 2017-இல் உலக அளவில் ஈறு நிபுணர்கள் கூடி, திருகைச் சுற்றி வரும் இந்த நோயைத் தனி நோயாகவே வகைப்படுத்தினார்கள். சொந்தப் பல்லை ஈறு நோயில் இழந்தவருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஈறு நோயை முதலில் குணப்படுத்தாமல் "வாங்க, திருகு வச்சிடலாம்" என்பவரிடம் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

ஈறு அழகு விஷயம்

இது என் தம்பி மகளுக்கு. மற்றப் பிள்ளைகளும் படிக்கலாம்.

நம் ஊர் ஈறு கறுப்பாக இருப்பது நோயே இல்லை. தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் ஈறிலும் இருக்கிறது. தென்னிந்தியர், ஆப்பிரிக்கர், அரபியர் எனப் பல கோடிப் பேருக்கு இயல்பான நிறம் அது. கத்தியாலோ லேசராலோ மேல்தோலைச் சீவி எடுத்தால் ரோஸ் நிறம் வரும். அதே உடம்புதானே மறுபடி தோல் வளர்க்கிறது? பலருக்குச் சில மாதத்திலோ சில வருடத்திலோ கறுப்பு திரும்பிவிடும். கல்யாண ஆல்பத்துக்கு மட்டும் போதும் என்றால் அது உன் விருப்பம், கண்ணு. நிரந்தரம் என்று நினைத்துச் செய்யாதே. முன்பு ரோஸாக இருந்த ஈறு திடீரென்று கறுத்தாலோ, ஒரே இடத்தில் மட்டும் கறுத்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்; அது வேறு விஷயம்.

ஈறை வெட்டி ஏற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1961-இல் கார்ஜூலோ என்பவரும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் தாடைகளை அளந்து, எலும்பின் விளிம்புக்கு மேல் ஈறு பல்லோடு ஒட்டிக்கொள்ளச் சராசரியாக 2 மில்லிமீட்டர் இடம் எடுத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். அந்த இடத்தை விட்டுவைக்காமல் வெட்டினால், ஈறு மறுபடி வளர்ந்து வரும். அல்லது சிவந்து வீங்கியே இருக்கும். சரியாகச் செய்ய வேண்டுமானால் சில சமயம் எலும்பையும் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும். அது பார்லர் வேலை இல்லை, ஆபரேஷன். சிரிக்கும்போது ஈறு அதிகம் தெரிவதற்கு மேல் உதடு குட்டையாக இருப்பதோ, மேல்தாடையே நீளமாக இருப்பதோ காரணமாக இருந்தால், ஈறை எவ்வளவு வெட்டினாலும் பயன் இல்லை. "எனக்கு எதனால் தெரிகிறது?" என்பதுதான் முதல் கேள்வி.

வலிப்பு மாத்திரை ஃபெனிடாய்ன், ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபின் இவற்றாலும் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையைப் பற்றிப் பேசாமல் ஈறை மட்டும் வெட்டினால் மறுபடி வளரும். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

வாணியம்பாடி

இனி சலைன் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் நடுவே, நம் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் ஓர் அபூர்வ நோய்த்தொற்று வந்தது. மெலியாய்டோசிஸ் என்று பெயர். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், இத்தனை பேருக்கு ஏன் ஒரே வட்டாரத்தில் வருகிறது என்று தேடினார்கள். அதில் 10 பேர் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள்.

காரணம் என்ன? ஈறை எலும்பிலிருந்து நெம்பி விலக்கும் ஒரு சின்னத் தட்டைக் கருவி உண்டு. சரியாகக் கிருமி நீக்காத அந்தக் கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மீதியை அரைகுறையாக மூடி வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்படுத்திய பாட்டிலிலேயே அந்தக் கிருமி கிடைத்தது. 2025-இல் இந்த ஆய்வு மருத்துவ இதழில் வெளிவந்து, நாளிதழ்களிலும் வந்தது.

அவர்கள் இம்ப்ளான்ட் வைக்கப் போனவர்கள் என்று நான் சொல்லவில்லை. பல்வலி என்று போன சாதாரண மனிதர்கள். ஆனால் ஈறைத் திறந்து எலும்பில் துளை போடும் ஒவ்வொரு ஆபரேஷனிலும் அதே மாதிரிக் கருவியும் அதே சலைனும் இருக்கின்றன. ஆகவே, "எனக்குப் புது பாட்டில் திறப்பீர்களா? கருவிகளை என் கண் முன்னால் கவரிலிருந்து பிரிப்பீர்களா?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார். என் மாணவர்களிலேயே மூன்று பேர் பல் டாக்டர்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள். உங்கள் நோயாளி இதைக் கேட்டால் பெருமைப்படுங்கள், பிள்ளைகளா.

நம் உடம்பைப் பற்றி நாம் சொல்ல வேண்டியவை

டாக்டர் கேட்காவிட்டாலும் இவற்றைச் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை: மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைத் தாளைக் கொண்டுபோங்கள். 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 8-ஐத் தாண்டியிருந்தால் முதலில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வார்கள். கட்டுக்குள் இருக்கும் சர்க்கரைக்காரர்கள் பலருக்கு இம்ப்ளான்ட் நன்றாகவே பிடிக்கிறது.

பீடி, சிகரெட்: புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெற்றிலையோடு புகையிலை, ஹான்ஸ் பழக்கத்தையும் மறைக்காதீர்கள்.

எலும்பு மருந்து: எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கும் அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் போன்ற மருந்துகளால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவதை 2003-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அதுவரை யாருக்கும் தெரியாது. "வருஷத்துக்கு ஒரு ஊசி" போட்டுக்கொள்ளும் பாட்டிமார்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். தலை, கழுத்தில் கதிர்வீச்சு எடுத்தவர்களும் அப்படியே.

சட்டம் நம் பக்கம் என்ன வைத்திருக்கிறது

ஒரு காலத்தில் பல் பிடுங்குவது சந்தைத் தொழில். 1920-இல் ரஃபியுதீன் அகமது என்ற மருத்துவர் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. சென்னையில் 1953-இல் அரசுப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. இவர்கள் பாடுபட்டது ஒரே விஷயத்துக்கு: வாயில் கை வைப்பவர் படித்துப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். ஆகவே பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. இந்த வேலையை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்றும் கேட்கலாம்.

1995-இல் உச்ச நீதிமன்றம், பணம் கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் இன்னொரு முக்கியமான தீர்ப்பு. ஒரு சிகிச்சைக்கு நோயாளி கொடுத்த சம்மதம் வேறொரு சிகிச்சைக்குச் செல்லாது. என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். "திருகு வைக்கும்போது பக்கத்துப் பல்லையும் எடுத்துட்டோம்" என்று பிறகு சொன்னால், அந்தப் பல்லுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா என்பதுதான் கேள்வி.

சம்மதத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மயக்க ஊசி போடும் நேரத்தில் நீட்டினால் வாங்காதீர்கள். முதல் நாளே கேளுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு சீட்டு

எங்கள் உறவில் ஒருவருக்குப் பெரிய நகரமொன்றில் திருகு வைத்தார்கள். ஆறு வருடம் கழித்து மேல்பல் கழன்றது. கிளினிக் இருந்த இடத்தில் வேறு கடை. எந்தக் கம்பெனித் திருகு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கம்பெனியின் பாகம் இன்னொரு கம்பெனித் திருகில் சேராது. நான்கு ஊர் அலைந்தார்.

திருகு வரும் டப்பாவில் கம்பெனி பெயர், அளவு, தொகுப்பு எண் எழுதிய ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை உங்கள் பைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன், எக்ஸ்ரே படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். நிலப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள்.

இப்போது மலைக் கணக்கு

வெள்ளகவித் தம்பிக்கு. முதல் பரிசோதனையும் ஸ்கேனும் ஒரு நடை. கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. ஸ்கேன் பார்க்காமல் கடைவாயில் துளை போட விடாதே. ஈறு சுத்தம் செய்ய ஒரு நடை. திருகு வைக்க ஒரு நடை. ஒரு வாரம், பத்து நாளில் தையல் பிரிக்க ஒரு நடை. மாதங்கள் கழித்துத் திறந்து பார்க்க ஒரு நடை. அளவெடுக்க, பல் மாட்ட இரண்டு நடை. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இருக்கும் வரை. முதல் வருடத்திலேயே ஏழெட்டு முறை அப்பா இறங்கி ஏற வேண்டும். தைத்த அன்று அந்த ஏற்றம் ஏறக் கூடாது, ரத்தம் கசியும். கீழே யார் வீட்டில் இரண்டு நாள் தங்குவார்? மழை மாதத்தில் தையல் பிரிக்கும் நாள் வந்தால் என்ன செய்வீர்கள்? இரவில் வீங்கினால் யாருக்குப் போன்?

விலையையும் பிரித்துக் கேள். திருகுக்கு எவ்வளவு, நடுவில் இணைக்கும் பாகத்துக்கு எவ்வளவு, மேல்பல்லுக்கு எவ்வளவு, எலும்புத்தூள் தேவைப்பட்டால் எவ்வளவு. விளம்பர விலை பல நேரம் திருகுக்கு மட்டும்தான்.

வேறு வழியையும் கேள். கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு ஆபரேஷன் வேண்டாம், செலவும் குறைவு. பக்கத்துப் பற்கள் உறுதியாக இருந்து, இடைவெளியும் அதிகமில்லாவிட்டால் பிரிட்ஜ் கட்டலாம். ஆனால் அதற்கு அந்த நல்ல பற்களைச் சீவ வேண்டும். அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் காட்டி, ஓர் அபிப்பிராயம் வாங்குவதற்குக் காசு கேட்க மாட்டார்கள். இவ்வளவும் கேட்டுவிட்டு, சர்க்கரையும் கட்டுக்குள் வந்து, அந்த நடைகளுக்கெல்லாம் வழியும் இருந்தால், இம்ப்ளான்ட் மிக நல்ல வைத்தியம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கிளிஞ்சல் வைத்தவர்கள் முதல் டைட்டானியம் வரை எல்லா டாக்டர்களும் கடைசியில் ஒன்றையே நம்பியிருந்தார்கள்: எலும்பு தானாக வளர்ந்து வந்து பிடிக்க வேண்டும். அதை யாராலும் அவசரப்படுத்த முடியவில்லை. கல்யாணத் தேதிக்கும் அறுவடைப் பணத்துக்கும் எலும்பு கட்டுப்படாது. அதற்கு வேண்டிய மாதங்களைக் கொடுக்க முடிந்தால் செய்துகொள்ளுங்கள். முடியாது என்றால் முடிகிற காலம் வரை பல்செட் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது இப்படி யோசனை இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பாளையக்காரர்கள் நிச்சயம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்